சொட்டு விழுந்ததும் செயலி என்ன சொல்ல வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம். ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அதன் செறிவைக் கண்டறியும் தரம்பார்த்தல் சோதனையை இப்போது வேதியியல் செயலிகளில், கணினித் திரையிலேயே செய்து பார்க்கலாம். கூம்புக் குடுவையில் அமிலம், அதில் நிறம் மாறிக் காட்டும் பினாப்தலீன் இரண்டு சொட்டு. மேலே பியூரெட் என்னும் அளவுக் குழாயிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. விழுந்த இடத்தில் இளஞ்சிவப்பு தோன்றும், குலுக்கினால் மறையும். குலுக்கியும் மறையாமல் நின்றால் அதுதான் முடிவுநிலை.

வானொலியில் கேட்டே உங்களுக்குப் புரிந்துவிட்டது, இல்லையா? ஆனால் பல செயலிகளில் பார்வையற்ற மாணவருக்கு இந்த இடத்தில் கிடைப்பது ‘படம்’ என்ற ஒரே சொல்தான். திரையில் உள்ளதை உரக்கப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் என்ன செய்யும், பாவம்? உள்ளே எழுதி வைத்திருந்தால்தானே படிக்கும்!

சரி, எழுதலாம் என்று உட்கார்ந்தால் அடுத்த வம்பு. ‘முடிவுநிலை வந்துவிட்டது’ என்று செயலியே அறிவித்தால், மாணவரின் வேலையை அது செய்துவிடுகிறது. ‘இளஞ்சிவப்பு தோன்றியது, குலுக்கியதும் மறைந்தது’ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அடுத்த சொட்டை விடலாமா, குழாயை மூடலாமா என்பது மாணவர் பாடு. இந்த வரிகளை நிரலர் தனியாக எழுத முடியாது. வேதியியல் ஆசிரியரும் திரைவாசிப்பான் பயன்படுத்தும் மாணவரும் கூடவே உட்கார வேண்டும்.

வாய்பாடுகளிலும் சிக்கல் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கும் கோபால்ட்டுக்கும் எழுத்துகள் ஒன்றே. இரண்டாவது எழுத்து பெரியதா சிறியதா என்பதில்தான் வேறுபாடு. அதைக் கேட்டு எப்படிப் பிரிப்பது? வாய்பாட்டைப் படமாக ஒட்டாமல் எழுத்தாகவே தந்து, அதை வாசிக்க வேண்டிய முறையையும் திரைவாசிப்பானுக்காக உள்ளே குறித்து வைக்கலாம்.

நிறத்துக்குத் தீர்வு எளிது. மூலக்கூறு மாதிரிகளில் ஆக்சிஜன் சிவப்பு, குளோரின் பச்சை என்பது மரபு. இவ்விரண்டையும் பிரித்தறியச் சிரமப்படும் மாணவர்கள் இருப்பார்கள். உருண்டையின் மேலேயே தனிமக் குறியீட்டைப் போட்டுவிட்டால் போதும்.

நம்பிக்கை தரும் முயற்சிகளும் நடக்கின்றன. இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ திட்டத்தின், கணினியில் செய்து பார்க்கும் இலவசப் பாவனைச் சோதனைகள் சிலவற்றில் ஒலிக் குறிப்புகளும் சொல் விவரிப்பும் இருக்கின்றன. எல்லாவற்றிலும் இன்னும் வரவில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு செயலியை வகுப்புக்குத் தேர்ந்தெடுக்கும் முன் சுட்டியைக் கழற்றிவிட்டு, விசைப்பலகையால் மட்டும் ஒரு சமன்பாட்டைச் சமன் செய்து பாருங்கள். அப்புறம் திரையை அணைத்துவிட்டு, திரைவாசிப்பானை மட்டும் கேட்டுத் தரம்பார்த்தலை முடியுங்கள். எங்கே மாட்டிக்கொண்டீர்களோ அந்த இடத்தைக் குறிப்பிட்டு, உருவாக்கியவர்களுக்கு எழுதுங்கள். நன்றி, வணக்கம்.