முகாமில் சோறு கிடைத்த பிறகும் கேட்க வேண்டியது: சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு எடுத்துக்கொள்ளும் கேள்வி ஒரு தங்கை அனுப்பியது. சமூகப்பணி படித்து முடித்திருக்கிறார். இடம்பெயர்ந்த மக்களுக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேரப் போகிறார். அவர் கேட்பது இது: "முகாமில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு, கூடாரம், மருந்து கொடுப்பது புரிகிறது. 'பாதுகாப்புக் கண்காணிப்பு' என்று ஒரு வேலை சொல்கிறார்களே, அது என்ன? போலீஸ் வேலை மாதிரியா? ஏற்கெனவே எல்லாவற்றையும் இழந்து வந்தவர்களிடம் போய்க் கேள்வி மேல் கேள்வி கேட்டால் அவர்கள் இன்னும் நொந்துபோக மாட்டார்களா?"

கடைசியில் கேட்டிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான கேள்வி. இந்த வேலையில் பல வருடம் இருப்பவர்களே அதைக் கேட்டுக்கொள்ள மறந்துவிடுகிறார்கள். அதற்கு வருகிறேன்.

முதலில், இது போலீஸ் வேலை இல்லை. குற்றவாளி யார் என்று துப்பு துலக்குவதும் இல்லை. மக்களுக்கு எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாரால் ஆபத்து வருகிறது, உதவி வந்தும் அது கைக்கு எட்டாமல் நிற்பவர்கள் யார், இதையெல்லாம் விடாமல் பார்த்துக்கொண்டே இருந்து, சரிசெய்ய அதிகாரம் உள்ளவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. விடாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒருமுறை போய் எடுத்து வரும் கணக்கு இது இல்லை. அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனால்தான் போன மாதம் வெளியே வந்து பேசிய பெண்கள் இந்த மாதம் ஏன் வரவில்லை என்பது கண்ணில் படும்.

ஒரு உதாரணத்தை வைத்துப் பேசுவோம், ரோஹிங்கியா மக்கள். 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோர் சொந்த நாடான மியான்மரிலேயே நாடற்றவர்கள் ஆனார்கள். 2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு ராக்கைன் மாநிலத்தில் ராணுவம் ஊர்களை எரிக்கத் தொடங்கியதும், சில மாதங்களுக்குள் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வங்கதேசத்துக்குள் வந்து சேர்ந்தார்கள். பலர் நாஃப் ஆற்றைத் தாண்டி வந்தவர்கள். காக்ஸ் பஜார் மாவட்டத்தில் குதுபலாங்கைச் சுற்றியிருந்த காட்டு மேடுகளில் மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு குடிசைகள் எழுந்தன. உலகத்தின் மிகப் பெரிய அகதி முகாம் என்று அதைச் சொல்வார்கள்.

அரிசி வந்தது, பருப்பு வந்தது. ஆனால் சமைக்க விறகு? பெண்களும் பிள்ளைகளும் காட்டுக்குள் போனார்கள். போகிற வழியில் பெண்களைச் சீண்டினார்கள், தாக்கினார்கள். அந்தக் காடு ஆசிய யானைகளின் வலசைப் பாதையும்கூட. முகாமுக்குள் வந்த யானைகள் மிதித்து முதல் சில மாதங்களிலேயே பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். உணவு விநியோகப் பட்டியலை மட்டும் பார்த்தால் இதில் எதுவுமே தெரியாது. எல்லாக் குடும்பத்துக்கும் அரிசி போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் பட்டியல் சொல்லும். "அடுப்பு எரிக்க என்ன செய்கிறீர்கள்? யார் போகிறார்கள்? எந்த வழியாக?" என்று ஒருவர் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். அப்படித் தெரிந்த பிறகு 2018-ல் தொடங்கிச் சமையல் எரிவாயு சிலிண்டர்கள் கொடுக்கப்பட்டன. யானை வரும் பக்கங்களில் காவல் கோபுரம் கட்டி, முகாம் இளைஞர்களையே குழுவாகச் சேர்த்து, வந்த யானையைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பப் பழக்கினார்கள். காடு அழிவதும் குறைந்தது. பாதுகாப்புக் கண்காணிப்பு என்றால் இதுதான், தங்கச்சி. கேட்டது ஒரு கேள்வி, வந்தது ஒரு சிலிண்டர்.

கழிப்பறையும் அப்படித்தான். இத்தனை பேருக்கு இத்தனை என்று கணக்குப்படி கட்டியிருப்பார்கள். ஆனால் விளக்கு இருக்காது, உள்ளே தாழ்ப்பாள் இருக்காது, போகிற வழி ஆண்கள் கூடி நிற்கும் இடமாக இருக்கும். இருட்டிய பிறகு போகப் பயந்து பெண்கள் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். இதை எந்தப் பெண்ணும் ஒரு ஆண் அலுவலரிடம், அதுவும் கூட்டத்துக்கு நடுவில், சொல்ல மாட்டார்.

அதனால் யார் கேட்கிறார்கள், எங்கே வைத்துக் கேட்கிறார்கள் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. 2017-ல் நெருக்கடி நேரத்தில் வங்கதேச ராணுவம் அகதிகளிலிருந்தே 'மாஜி' எனப்படும் முகாம் தலைவர்களை நியமித்தது. ஏறக்குறைய நூறு குடும்பத்துக்கு ஒருவர். அநேகமாக எல்லாரும் ஆண்கள். பொருள் கொடுக்கவும் ஆள் கணக்குப் பார்க்கவும் அது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் நிலவரம் கேட்கப் போகிறவர் நேராக மாஜியிடம் போய் உட்கார்ந்தால் மாஜிக்குத் தெரிந்ததும் அவர் சொல்ல விரும்புவதும்தான் கிடைக்கும். மாஜியே அரிசி அட்டைக்குக் காசு வாங்குகிறார் என்றால் அதை அவர் முன்னாலேயே யார் சொல்வார்கள்? பின்னால் சில முகாம்களில் பிரதிநிதிகளைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள், பெண்களும் வந்தார்கள். அது நல்ல மாற்றம்.

குடிசைகளுக்கு நடுவில் தார்ப்பாய்தான் சுவர். இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும். எனவே பெண்களிடம் பெண்களே பேச வேண்டும், அவர்கள் வழக்கமாக வந்துபோகும் இடத்தில் பேச வேண்டும். மொழியையும் கவனியுங்கள். ரோஹிங்கியா மொழியும் உள்ளூர் மக்களின் சிட்டகாங் பேச்சும் நெருக்கமானவை, அதற்காக ஒன்றாகிவிடாது. உள்ளூர்க்காரரை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்தால் நுணுக்கமான விஷயம் எல்லாம் நழுவிவிடும்.

சரி, இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. கேட்பது நோகடிக்குமா? நோகடிக்கும். சில நேரம் அதைவிட மோசமும் நடக்கும்.

2018 நடுவில் வங்கதேச அரசும் ஐ.நா. அகதிகள் முகமையும் சேர்ந்து முகாம்களில் பதிவு எடுத்தன. கைரேகை, படம், குடும்ப விவரம் எல்லாம் வாங்கி ஸ்மார்ட் கார்டு கொடுத்தார்கள். உணவு வாங்க அந்தக் கார்டு தேவை. அந்த விவரங்களை வங்கதேச அரசு மியான்மர் அரசிடம் கொடுத்தது, யாரைத் திரும்ப அனுப்பலாம் என்று பார்ப்பதற்காக. 2021 ஜூனில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இதை வெளியே கொண்டுவந்தது. அவர்கள் பேசிய அகதிகளில் ஏறக்குறைய எல்லாரும், உதவி பெறுவதற்கான பதிவு என்றுதான் நினைத்தோம் என்றார்கள். கையில் கொடுத்த ரசீதில், மியான்மருடன் பகிர்ந்துகொள்ளச் சம்மதம் என்ற கட்டத்தில் 'ஆம்' என்று குறி போட்டிருந்தது. ரசீது ஆங்கிலத்தில் இருந்தது. தனித்தனியாக விளக்கிச் சொல்லிச் சம்மதம் கேட்டோம் என்பது ஐ.நா. முகமையின் பதில். அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் யார் கொல்ல வந்ததால் ஓடி வந்தார்களோ, அவர்கள் கைக்கே இவர்கள் பெயரும் படமும் போய்ச் சேர்ந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். உணவு அட்டைக்கு வரிசையில் நிற்கும் ஒருவர் 'சம்மதம் இல்லை' என்று துணிந்து சொல்ல முடியுமா? அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் எடுப்பது பதிவு இல்லை, கண்காணிப்புதான். ஆனால் ஆபத்து ஒன்றுதான். பெயர் தேவையில்லை என்றால் எழுதாதீர்கள். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒருவரை நீங்களாகத் தேடிக் கண்டுபிடித்து என்ன நடந்தது என்று கேட்கவே கூடாது. அவராகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள், எங்கே மருத்துவ உதவி, எங்கே மனநல உதவி என்று சொல்லுங்கள், போக விருப்பமா என்று கேளுங்கள். முடிவு அவருடையது. கதை கேட்டு எழுதிக்கொண்டு போய்விடுவதுதான் நீங்கள் பயப்படுகிற அந்த நோகடித்தல்.

கண்காணிப்பவர்கள் வெளியிலிருந்து வந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. மொகிபுல்லா என்ற ஆசிரியரும் அவரோடு இருந்தவர்களும் குடிசை குடிசையாகப் போய், 2017-ல் கொல்லப்பட்டவர்களின் பெயர், வயது, ஊர் எல்லாம் எழுதிச் சேர்த்தார்கள். அதே மக்கள், அதே மொழி, அதே துக்கம். 2019-ல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் மன்றத்தில் அவர் பேசினார். 2021 செப்டம்பர் 29 அன்று குதுபலாங் முகாமிலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு முன்பே மிரட்டல்கள் வந்துகொண்டிருந்தன. தகவல் சேர்ப்பவரின் உயிருக்கும் காவல் வேண்டும் என்பதை அவருடைய சாவுக்குப் பிறகாவது எல்லா நிறுவனங்களும் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

கண்காணிப்பில் தெரிய வருவதற்கெல்லாம் தீர்வு கிடைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். முகாமைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். தீ பிடித்தால் மக்கள் எப்படி வெளியே ஓடுவார்கள் என்ற கவலையை அமைப்புகள் எழுப்பத்தான் செய்தன. 2021 மார்ச் 22-ல் பாலுகாலி முகாம் பக்கம் தீ பரவியபோது வேலியில் சிக்கித் தவித்தோம் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். 15 பேர் இறந்ததாகவும் ஏறக்குறைய 45,000 பேர் குடிசை இழந்ததாகவும் ஐ.நா. தெரிவித்தது. முள்வேலிக்குள் இருப்பது என்றால் என்ன என்று 2009-ல் வவுனியா மெனிக் பாம் முகாமில் இருந்த நம் மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெளியே போய்வர அனுமதி உண்டா என்பதும் பாதுகாப்புக் கேள்விதான், அரிசிக்குக் குறைந்தது இல்லை.

அப்புறம் பணம். 2023-ல் உலக உணவுத் திட்டம் நிதி இல்லாமல், ஆளுக்கு மாதம் 12 டாலர் என்று இருந்த உணவுத் தொகையை மார்ச்சில் 10, ஜூனில் 8 என்று குறைத்தது. வீட்டில் சோறு குறைந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று களத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். பையன் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போவான். பெண் பிள்ளைக்குச் சீக்கிரம் கல்யாணம் பேசுவார்கள். மலேசியாவுக்குப் படகு ஏற்றிவிடுகிறேன் என்று தரகர் வருவார். தொடர்ந்து போய்வந்துகொண்டிருப்பவரால்தான், இந்த வரிசை தொடங்கும்போதே அதைப் பிடித்துச் சொல்ல முடியும்.

ஆகவே தங்கச்சி, வேலையில் சேர்ந்ததும் மேலாளரிடம் கேளுங்கள்: நான் எழுதிக் கொண்டுவருவதை யார் படிப்பார்கள், படித்துவிட்டு என்ன செய்வார்கள், அது யார் கைக்கெல்லாம் போகும்? இதற்குத் தெளிவான பதில் இல்லாத கேள்விகளைப் படிவத்திலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். புது ஆள் என்று தயங்க வேண்டாம். அப்புறம், பாதிக்கப்பட்டவர்களை அனுப்ப வேண்டிய இடங்கள் என்று ஒரு பட்டியல் கொடுப்பார்கள், தொலைபேசி எண்ணோடு. களத்துக்குப் போவதற்கு முன் அந்த எண்களுக்கெல்லாம் நீங்களே அழைத்துப் பாருங்கள். யாராவது எடுக்கிறார்களா, ராத்திரியிலும் எடுக்கிறார்களா, அந்த மக்களின் மொழி தெரிந்த ஒரு பெண் அங்கே இருக்கிறாரா என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.