வரிசையில் நின்றவர்கள் யார்?

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஒரு சுவரொட்டியிலிருந்து தொடங்குகிறேன். 1978இல் பிரிட்டனில் ஒட்டப்பட்டது. வேலையில்லாதோர் அலுவலகத்தின் முன்னால் வளைந்து வளைந்து நீளும் ஒரு வரிசை. மேலே ‘லேபர் இஸின்ட் வொர்க்கிங்’ என்று மூன்றே சொற்கள். தொழிற்கட்சி ஆட்சி உருப்படவில்லை, உழைக்கிறவனுக்கு வேலையும் இல்லை என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் வாசகம். அந்த வரிசையில் நின்றவர்கள் வேலை தேடி வந்தவர்கள் அல்லர். லண்டன் ஹெண்டன் பகுதியிலிருந்து அழைத்து வரப்பட்ட, அன்றைய எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சியின் இளைஞர் தொண்டர்கள். நூறு பேரை எதிர்பார்த்தார்கள், வந்தது ஏறக்குறைய இருபது பேர். அவர்களையே இடம் மாற்றி மாற்றி நிறுத்திப் படமெடுத்து, ஒட்டுப்போட்டு நீளமாக்கினார்கள்.

வரிசை பொய். ஆனால் வேலையின்மை பொய்யில்லை. அப்போது அந்நாட்டில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் வேலையின்றி இருந்தார்கள். அவர்களுடைய வேதனை உண்மை. அதை எடுத்து யாருக்குச் சாதகமாகத் திருப்புவது என்பதில்தான் கைவண்ணம் இருந்தது. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். விலைக்கு வேலை செய்யும் பிரச்சாரக்காரர்கள் பொய்யை மட்டும் விற்பதில்லை. அடுத்தவருடைய உண்மையான காயத்தை எடுத்து விற்கிறார்கள். அதனால்தான் அதை மறுப்பது அவ்வளவு கடினமாக இருக்கிறது.

அந்தச் சுவரொட்டியைத் தயாரித்த சாச்சி அண்ட் சாச்சி விளம்பர நிறுவனத்தில் முக்கியமானவர் டிம் பெல். மார்கரெட் தாட்சரின் நெருங்கிய ஆலோசகர், பின்னாளில் பிரபுப் பட்டமும் பெற்றவர். அவரும் பியர்ஸ் பாட்டிங்கரும் சேர்ந்து வளர்த்ததுதான் பெல் பாட்டிங்கர் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம். பெலாரஸ் அதிபர் லூகஷென்கோவுக்கு வேலை செய்தது. பஹ்ரைன் அரசுக்கும் செய்தது. ஈராக்கில் பிரச்சாரப் பணிக்காக அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அதற்கு 50 கோடி டாலருக்கும் மேல் கொடுத்தது 2016இல்தான் வெளியே வந்தது.

தென்னாப்பிரிக்காவில் நடந்ததைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூரிலிருந்து போய் அங்கே பெருஞ்செல்வர்களானவர்கள் குப்தா சகோதரர்கள். அப்போதைய அதிபர் ஜேக்கப் சூமாவின் குடும்பத்தோடு நெருக்கமானவர்கள். குப்தாக்கள் எனக்கு நிதியமைச்சர் பதவியே தருவதாகச் சொன்னார்கள் என்று துணை நிதியமைச்சர் மிசெபிசி ஜோனாஸ் 2016 மார்ச்சில் பகிரங்கமாக அறிவித்தார். அமைச்சரவையே ஒரு குடும்பத்தின் வரவேற்பறையில் பேரம் பேசப்படுகிறது என்று நாடு கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே குப்தாக்களின் ஓக்பே நிறுவனம் பெல் பாட்டிங்கரை அமர்த்திவிட்டது. கட்டணம் மாதம் 1,00,000 பவுண்டு.

குப்தாக்கள் நல்லவர்கள் என்று சொன்னால் அங்கே யாரும் நம்பப் போவதில்லை. அதனால் பேச்சையே வேறு திசைக்குத் திருப்பினார்கள். நிறவெறி ஆட்சி 1994இல் ஒழிந்தாலும் நிலமும் சுரங்கமும் வங்கியும் பெரும்பாலும் வெள்ளையர் கையிலேயே தங்கிவிட்டன. அது கறுப்பின மக்கள் அன்றாடம் அனுபவிக்கும் உண்மை. ‘வெள்ளை ஏகபோக மூலதனம்’ என்பது அந்நாட்டு இடதுசாரிகள் பல காலமாகச் சொல்லிவந்த சொல்தான். அந்தப் பழைய, நியாயமான கோபத்தை எடுத்து, குப்தாக்களைக் கேள்வி கேட்பவர் எல்லாரும் வெள்ளை முதலாளிகளின் கையாள் என்று ஆக்கினால் போதும். கொள்ளையைக் கேட்பவன் துரோகியாகிவிடுவான்.

அப்படித்தான் நடந்தது. போலி ட்விட்டர் கணக்குகள் திரள் திரளாகக் கிளம்பின. ஃபெரியல் ஹாஃபஜீ என்ற மூத்த பத்திரிகையாளரின் முகத்தை வெட்டியெடுத்து, வெள்ளையினத் தொழிலதிபர் யோஹான் ரூபர்ட்டின் மடியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் உடம்பில் ஒட்டிப் பரப்பினார்கள். நிறவெறி ஆட்சியின் கீழ் வளர்ந்த, வெள்ளையரல்லாத ஒரு பெண்ணை இப்படி அவமானப்படுத்தியது, இனநீதியின் பெயரால்! அந்தப் போலிக் கணக்குகள் எங்கள் வேலையல்ல என்றது நிறுவனம். ஆனால் பொருளாதார விடுதலை என்ற முழக்கத்தை வைத்துப் பிரச்சாரம் நடத்தத் திட்டம் போட்டதை, 2017இல் கசிந்த மின்னஞ்சல்கள் காட்டிக்கொடுத்துவிட்டன.

தென்னாப்பிரிக்காவில் அப்போது எதிர்க்கட்சியாக இருந்த ஜனநாயகக் கூட்டணி லண்டனுக்கே புகார் அனுப்பியது. 2017 செப்டம்பர் 4 அன்று, பிரிட்டனின் மக்கள் தொடர்பு நிறுவனங்களின் சங்கம் பெல் பாட்டிங்கரைக் குறைந்தது 5 ஆண்டுகளுக்கு வெளியேற்றியது. அன்றிரவே டிம் பெல் பிபிசி தொலைக்காட்சிக்கு வந்தார். ஓராண்டு முன்பே நிறுவனத்தை விட்டு விலகியவர். கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கைப்பேசி ஒலிக்கிறது. எடுத்து அணைக்கிறார். சற்று நேரத்தில் மறுபடி ஒலிக்கிறது. பிறருடைய முகத்தைத் திருத்துவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட ஒருவர், கேமரா முன்னால் அப்படித் தடுமாறிக்கொண்டிருந்தார். எட்டாவது நாள் நிறுவனம் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது.

இதோடு நான் முடித்துவிட முடியாது. தமிழர் அவையில் சொல்லியே ஆக வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. 2011இல் புலனாய்வுப் பத்திரிகையாளர்கள் சிலர், உஸ்பெகிஸ்தான் அரசின் பருத்தித் தொழிலுக்காக வந்தவர்கள் என்று சொல்லி, ரகசியக் கேமராவோடு இதே நிறுவனத்தாரைச் சந்தித்தார்கள். வாடிக்கையாளரைக் கவர வேண்டுமே! இலங்கை அதிபர் அலுவலகத்தில் எங்கள் குழு வேலை செய்தது, 2010இல் ராஜபக்ச ஐ.நா. பொதுச்சபையில் ஆற்றிய உரை நாங்கள் எழுதியது, நல்ல வரவேற்பைப் பெற்றது என்று பெருமையோடு சொன்னார்கள். ‘இன்டிபென்டென்ட்’ நாளிதழ் அதை வெளியிட்டது.

அந்த உரையில் என்ன இருந்தது தெரியுமா? போர்க்காலச் சட்டங்கள் அரசுகளின் படைகள் மோதும் போர்களுக்காக உருவானவை, பயங்கரவாதக் குழுக்களை எதிர்கொள்ளும் இன்றைய தேவைக்கு அவை போதுமா என்று ஆராய வேண்டும் என்று இருந்தது. முள்ளிவாய்க்கால் முடிந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை. இறுதிக்கட்டத்தில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு சொன்னது அதற்கடுத்த ஆண்டில்.

பிரிட்டனில் 2014இல் லாபி வேலை செய்பவர்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. அமைச்சர்களையும் துறைச் செயலாளர்களையும் நேரடியாக அணுகும் தரகர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. வேற்று நாட்டு அதிபருக்கு உரை எழுதிக் கொடுப்பவரை அது கேட்காது. அந்த உரை ஐ.நா. ஆவணங்களில் இன்றும் இருக்கிறது. அதன் மேலே இருப்பது ஒரே ஒரு பெயர்.