பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

புதிதாக ஒரு மென்பொருள் வேண்டும் என்றால் முதலில் கூட்டம் போடுவார்கள். "என்னென்ன வேண்டும்?" என்று கேட்டு, மேலாளர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வார்கள். சொல்கிறவர் எதையும் மறைப்பதில்லை. ஆனாலும் வேலையில் பாதி அந்தப் பட்டியலுக்குள் வராது. தினமும் செய்து கைக்குப் பழகிப்போனதை வாயால் சொல்ல வருவதில்லை. அதனால், வேலை நடக்கிற இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பிரிட்டனின் லங்காஸ்டர் பல்கலைக்கழகச் சமூகவியலாளர்கள், 1990 வாக்கில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் இருந்து கவனித்தார்கள். அன்று அங்கே ஒவ்வொரு விமானத்துக்கும் காகிதப் பட்டை இருந்தது. அடையாள எண், உயரம், நேரம் எல்லாம் அதில் இருக்கும். 'இதைக் கம்ப்யூட்டரே அடுக்கிவிடலாமே' என்றுதான் மென்பொருள் எழுதுகிறவருக்குத் தோன்றும். ஆனால் பட்டையைக் கையால் எடுத்து அடுக்கும்போதுதான் அந்த விமானம் கட்டுப்பாட்டாளரின் கவனத்தில் பதிந்தது. சிக்கல் வரும்போல் இருந்தால் பட்டையை வரிசையிலிருந்து சற்று வெளியே இழுத்து வைப்பார். பக்கத்தில் இருப்பவருக்கும் பார்த்ததுமே புரிந்துவிடும். கேள்வித்தாள் கொடுத்தால் இதை யார் எழுதித் தருவார்கள்?

சரி, போய் எதைப் பார்ப்பது? திரையின் ஓரத்தில் ஒட்டிய சீட்டு, பக்கத்து மேசைக்காரரிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி, கம்ப்யூட்டரில் பதிந்ததையே மறுபடி எழுதிவைக்கிற நோட்டு. அந்த நோட்டைத்தான் நான் முதலில் தேடுவேன். இப்போதைய மென்பொருள் வேலை செய்கிறவருக்குக் கைகொடுக்காத இடம் அதில் இருக்கும். ஆனால் "ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?" என்று விசாரணை போலக் கேட்டால் நோட்டு மேசைக்குள் போய்விடும். "இதில் என்ன எழுதுகிறீர்கள், கொஞ்சம் காட்டுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். வேலை நடக்கிற இடத்தில் பார்த்து மென்பொருளை வடிவமைக்க ஹியூ பையர், கேரன் ஹோல்ட்ஸ்பிளாட் இருவரும் வகுத்த முறையிலும் வேலை செய்கிறவர்தான் ஆசான், பார்க்கப் போனவர் மாணவர்.

மேலாளரை உங்களோடு அழைத்துப் போகாதீர்கள். பார்த்ததை வைத்து ஒருவரின் வேலைக்கு மதிப்பெண் போட யாரையும் விடவும் கூடாது. புது ஆள் பக்கத்தில் இருந்தால் எல்லாம் விதிப்படிதான் நடக்கும். கொஞ்ச நேரம் போனால் இயல்பாகிவிடும். அமைதியான நாளில் மட்டும் போனாலும் போதாது, மாதக் கடைசியின் நெருக்கடியிலும் போக வேண்டும்.

அப்புறம், கிளம்புவதற்கு முன் உங்களுக்குப் புரிந்ததை அவரிடமே சொல்லிக் காட்டுங்கள். "அப்படியில்லை, அதற்கு முன்னால் இன்னொன்று செய்வேன்" என்று அவர் திருத்துவார். அந்த இன்னொன்றையும் குறித்துக்கொண்டு கிளம்புங்கள்.