கொரில்லாவுக்கு வந்த சிரங்கு

எல்லோருக்கும் வணக்கம். காட்டு விலங்கு மருத்துவத்துக்குக் கொடுக்கும் விருதுகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பட்டியல் வாசிக்க ஆரம்பித்தால் பின்வரிசைப் பிள்ளைகள் செல்போனை எடுத்துவிடுவீர்கள். அதனால் ஒரே ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன். உகாண்டாவைச் சேர்ந்த டாக்டர் கிளாடிஸ் கலேமா-சிகுசோகா. 2009-இல், இயற்கைப் பாதுகாப்புக்காகப் பிரிட்டனில் கொடுக்கும் விட்லி தங்க விருது வாங்கினார். 2021-இல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு தன் உயரிய விருதைக் கொடுத்தது. சரி, விருதுக் கணக்கு அவ்வளவு போதும்.

1996-ஆம் வருஷம். உகாண்டா வனவிலங்குத் துறையில் கால்நடை மருத்துவராக அப்போதுதான் சேர்ந்திருக்கிறார். இருபதுகளில் இருக்கும் பெண். பிவிண்டி காட்டிலிருந்து தகவல் வருகிறது: ஒரு மலைக் கொரில்லாக் குடும்பத்துக்கு முடி கொட்டுகிறது, தோல் வெள்ளை வெள்ளையாகச் செதில் விடுகிறது. இவர் என்ன செய்தார் தெரியுமா? மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு நண்பரிடம் போய், அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அதிகமாக வரும் தோல் நோய் எது என்று கேட்டார். சிரங்கு என்றார் அவர்.

நம்மூர்ச் சிரங்குதான். ராத்திரியெல்லாம் சொறிந்து தூக்கம் கெட்டவர்களுக்கு அதன் அருமை தெரியும்! குட்டி ஒன்று செத்துப்போனது. மற்றவை ஐவர்மெக்டின் மருந்தில் பிழைத்தன.

அது எப்படிக் கொரில்லாவுக்குப் போயிற்று? காட்டை ஒட்டி வாழைத்தோட்டங்கள். வாழைக்காகக் கொரில்லாக்கள் வேலி தாண்டி வரும். அவற்றை விரட்டத் தோட்டத்தில் பொம்மை நிற்கும். அதற்கு வீட்டில் கழித்த பழைய சட்டையை மாட்டியிருப்பார்கள். கொரில்லா சும்மா இருக்குமா, தொட்டுப் பார்க்கும். சட்டையில் சிரங்குப் பூச்சி. இப்படித்தான் தொற்றியிருக்க வேண்டும் என்கிறார் கிளாடிஸ்.

இந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது. ஊசி போட்டாயிற்று, குணமாயிற்று என்று அவர் கோப்பை மூடிவிடவில்லை. சோப்பு வாங்கக் காசில்லாத வீடு இருக்கிற வரைக்கும் கொரில்லாவுக்கு மறுபடி சிரங்கு வரும் என்று புரிந்துகொண்டார். சில வருஷங்களில் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதன் தொண்டர்கள் வீடு வீடாகப் போய்க் கை கழுவுவது, கக்கூஸ், காசநோய், குடும்பக் கட்டுப்பாடு என்று பேசினார்கள். விலங்கு வைத்தியருக்குக் குடும்பக் கட்டுப்பாட்டில் என்ன வேலை என்று நம் அலுவலகங்களில் கேட்டிருப்பார்கள். விட்லி விருது அந்த வேலைக்காகத்தான் வந்தது.

அப்புறம் கொரோனா வந்தது. சுற்றுலா படுத்தது, காட்டோரத்தில் வருமானம் நின்றது. 2020 ஜூனில் காட்டுக்குள் வேட்டைக்குப் போன ஓர் ஆள் ரஃபிகி என்ற ஆண் கொரில்லாவை ஈட்டியால் குத்திக் கொன்றான். ஈட்டிக் காயத்துக்கு எந்தக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் தடுப்பூசி இல்லை. வேட்டைக்குப் போகாமலே பிழைக்கட்டும் என்று, கிளாடிஸ் அதற்கு முன்பிருந்தே அந்தக் காட்டோர விவசாயிகளிடம் நல்ல விலைக்குக் காப்பிக்கொட்டை வாங்கி, கொரில்லாப் பெயரிலேயே விற்றுக்கொண்டிருந்தார்.