ஒருத்தி எடுத்துக் கொடுத்தால் போதும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமையும் பெங்களூரு நெரிசலைத் தாண்டி வந்து உட்கார்ந்திருக்கும் தமிழ் உறவுகளே, வணக்கம்.

'மண்ணையும் மரத்தையும் காத்த பெண்களின் கதையை மேடையில் சொல்ல ஒருத்தி போதுமா, ஊரே திரள வேண்டுமா?' இதுதான் தலைப்பு. ஒருத்தி போதும் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ஒரு கேள்வியோடு முடித்தார். "27 பெண்கள் சேர்ந்து காத்த காட்டை ஒரே நடிகை நடித்துக் காட்டினால், மீதி 26 பேர் எங்கே போனார்கள்?" நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல கேள்வி. ஆனால் அதற்கான பதிலை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்தக் காட்டின் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1974 மார்ச் 26. இன்றைய உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் ரேணி என்கிற மலைக்கிராமம். நிலத்துக்கு இழப்பீடு தருகிறோம் வாருங்கள் என்று சொல்லி, ஊர் ஆண்களைச் சமோலிக்கு வரவழைத்துவிட்டார்கள். ஆண்கள் இல்லாத அந்த நாளில் மரம் வெட்டுகிற ஆட்கள் காட்டுக்குள் இறங்குகிறார்கள். அதைப் பார்த்துவிட்ட ஒரு சிறுமி ஓடிப்போய் கௌரா தேவியிடம் சொல்கிறாள். ஊர் மகளிர் சங்கத்தின் தலைவி அவர், கணவரை இழந்தவர். பெண்களைத் திரட்டிக்கொண்டு போய் மரங்களுக்கு முன்னால் நிற்கிறார். துப்பாக்கியைக் காட்டி மிரட்டியும் நகரவில்லை. 'இந்தக் காடு எங்கள் தாய்வீடு' என்று அவர் சொன்னதை அந்த மலையில் இன்றைக்கும் சொல்கிறார்கள். தாய்வீடு! ஆடிக்கும் தீபாவளிக்கும் எந்த வீட்டை நினைத்து நமக்குக் கண் கலங்குமோ, அந்த வீடு. சிப்கோ என்று உலகம் சொல்கிற, மரங்களைக் கட்டிப்பிடித்துக் காத்த இயக்கத்தில் இதைவிடப் பெரிய நாள் இல்லை.

சரி, இப்போது நான் பார்த்த நாடகத்துக்கு வருகிறேன். எங்கள் குடியிருப்பின் அடித்தளத்தில், கார் நிறுத்துகிற இடத்தில் நடந்தது. மேடை இல்லை, திரை இல்லை. ஒரு நடிகை, ஒரு புடவை, ஒரு பிளாஸ்டிக் குடம். அவர் கௌரா தேவியாக நடிப்பார் என்றுதான் எல்லோரும் காத்திருந்தோம். அவர் நடித்தது அந்தச் சிறுமியாக. மூச்சிரைக்க ஓடி வருகிறார். வரிசை வரிசையாக எங்கள் முன்னால் வந்து நிற்கிறார். "அத்தை, காட்டுக்கு ஆள் வந்திருக்கு. பெரியம்மா, கோடாலி கொண்டு வந்திருக்காங்க." ஒவ்வொருத்தியாகக் கூப்பிடுகிறார். என் முன்னால் வந்து, கண்ணைப் பார்த்து, "சித்தி, எழுந்திரு" என்றார். நடுவர் அவர்களே, நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்! பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியாருக்கு முட்டிவலி. அவரும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார்.

அண்ணன் கேட்டாரே, மீதிப் பேர் எங்கே என்று? அன்றைக்கு அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் 27 பேர் நின்றிருந்தால் நான் சாய்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருப்பேன். இடம் காலியாக இருந்ததால்தான் என்னை அங்கே நிறுத்த முடிந்தது.

இது நமக்குப் புதிதும் இல்லை. நடவுப் பாட்டு எப்படி நடக்கிறது? ஒருத்தி எடுத்துக் கொடுக்கிறாள், வயலே வாங்கிப் பாடுகிறது. ஒப்பாரியும் அப்படித்தான், கும்மியும் அப்படித்தான். முதல் குரல் தனிக்குரல் என்பதற்காக அதை யாரும் தனி ஆளின் பாட்டு என்று சொன்னதில்லை. சத்தீஸ்கரின் மகாபாரதக் கதைப்பாடகி தீஜன் பாய் கையில் ஒரு தம்புராவை வைத்துக்கொண்டு பாண்டவர், கௌரவர் இரண்டு பக்கத்தையும் தானே நின்று சொன்னவர்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒரே பெண்ணைத் தெய்வமாக்கி மாலை போட்டு முடிக்கிற தனிநபர் நாடகங்களும் உண்டு. எனக்கும் அவை பிடிக்காது. ஆனால் அது எழுத்தின் குறை. பெரிய குழு போடுகிற நாடகத்திலும் ஒரு கதாநாயகியை நடுவில் நிறுத்தி மற்றவர்களை மரமாக நிற்க வைப்பதில்லையா?

அப்புறம் அந்தக் குடம். நாடகத்தின் பிற்பாதி பாலக்காட்டுப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பிளாச்சிமடை. குளிர்பான ஆலை வந்த பிறகு ஊர்க் கிணறுகளின் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் ஆகாமல் போனது. பழங்குடிப் பெண் மயிலம்மாவும் ஊர்ப் பெண்களும் 2002 ஏப்ரல் 22 முதல் ஆலை வாசலுக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். 2004-ல் ஆலை நின்றது. இதைச் சொல்லிக்கொண்டே நடிகை, நிறைத்த குடத்தை முன் வரிசையில் கொடுத்தார். கை மாறி மாறி என்னிடம் வந்தது. நல்ல கனம். வெளிப்பக்கம் ஈரம் வழிந்து என் மடி நனைந்தது. மழை பொய்த்த 2024 கோடையில் இந்த நகரத்தின் சுமார் 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வற்றிவிட்டன என்று அரசே சொன்னதே, அது வெறும் எண்ணாக இல்லாமல் என் மடியில் இருந்தது.

இன்னொன்று. 2021 பிப்ரவரியில் அதே ரேணிப் பக்கம்தான் பெருவெள்ளம் வந்தது. அடுத்து ஜூன் மாதம் மழையில் ஊரை ஒட்டிய சாலை சரிந்தபோது, கௌரா தேவியின் சிலையைப் பெயர்த்து ஜோஷிமட்டுக்கு எடுத்துப் போனார்கள். ஊர்ப் பெண்கள் அழுதார்கள். சிலைக்கே நிற்க இடம் இல்லாத காலத்தில், 30 பேர் குழுவுக்கு ஒத்திகை இடமும் வண்டிச் செலவும் கூடிவரட்டும் என்று காத்திருக்க நமக்கு நேரம் இல்லை. ஒரு பையோடு பேருந்தில் ஏறி வரக்கூடியவர்தான் தெருத்தெருவாகப் போக முடியும்.

அன்றைக்கு எங்கள் அடித்தளத்துக்கு, எங்கள் வீடுகளில் வேலை செய்கிற பெண்களும் வந்திருந்தார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துக்காரர்கள். அரங்கம் தேடி, சீட்டு வாங்கி அவர்கள் வந்திருக்க மாட்டார்கள். வேலை முடிந்து போகிற வழியில் நடந்ததால் நின்றார்கள். முடிந்ததும் நாங்கள் என்ன பேசுவது என்று தெரியாமல் இருந்தபோது, அவர்களில் ஒரு அம்மா எழுந்தார். "எங்க ஊர்லயும் ஏரி இருந்துச்சு. இப்ப அதுமேலதான் பஸ் ஸ்டாண்டு. அன்னிக்கு எங்களை யாரும் இப்படி வந்து கூப்பிடல" என்றார். பிறகு நடிகையிடம் போய்க் குடத்தைக் கேட்டு வாங்கினார். அது அவர் வீட்டுக் குடம், இரவல் கொடுத்திருந்தார். மறுநாள் காலை அவர்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிற முறை. உள்ளே இருந்த தண்ணீரைக் கீழே கொட்டாமல், அப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறிப் போனார்.

தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.