கும்மிருட்டுல பச்சையம் எதுக்கு?

வணக்கம் மக்களே. ரெண்டு வாரமா ஒரே ஒரு உயிரைப் பத்திதான் படிச்சிட்டு இருக்கேன். பேரு நோனியோனெல்லா ஸ்டெல்லா. மொத்த உடம்புமே ஒரே செல்லுதான், ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அதைச் சுத்தி ஒரு சுண்ணாம்பு ஓடு. இந்த மாதிரி ஓடு கட்டி வாழுற ஒரு செல் உயிர்களை ஃபோரமினிஃபெரான்னு சொல்றாங்க.

இது வாழுற இடத்தை முதல்ல மனசுல கொண்டு வாங்க. கலிபோர்னியா கரைக்கு அப்பால சான்டா பார்பரா படுகை, ஏறக்குறைய 600 மீட்டர் ஆழம். கிண்ணம் மாதிரி பள்ளம்ங்கிறதால அடித்தண்ணி லேசுல மாறாது. மேல இருந்து செத்ததெல்லாம் விழுந்து மக்க மக்க, இருக்கிற ஆக்சிஜனும் தீர்ந்துபோகுது. சேத்துக்குள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகின முட்டை வாடை வருமே, அதேதான். ஆக்சிஜனை நம்பி வாழுற செல்லுக்கு அது விஷம். கிளறிவிட புழுக்கள் இல்லாததால, சேறு வருஷா வருஷம் ஏடு ஏடா அப்படியே படிஞ்சு கிடக்கு.

அந்த இருட்டுல இருக்கிற இந்த செல்லுக்குள்ள பச்சையம் இருக்கு! டயாட்டம்ங்கிற பாசியைத் தின்னுட்டு, அதோட குளோரோபிளாஸ்டை, அதாவது பச்சையம் இருக்கிற உறுப்பை மட்டும் செரிக்காம எடுத்து வச்சுக்குது. வெளிச்சம் இல்லாம ஒளிச்சேர்க்கை நடக்காது. அப்புறம் எதுக்கு? நைட்ரஜனைத் தன் உடம்புல சேர்த்துக்க அது உதவுதுன்னு ஆய்வாளர்கள் ஒரு விளக்கம் சொல்றாங்க. படிச்சப்போ கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். ஆனா இதைக் கூட்டுவாழ்வுன்னு சொல்ல எனக்கு மனசு வரல. பாசி செத்துடுச்சு, அதோட உறுப்பு மட்டும்தான் மிஞ்சியிருக்கு. இது பறிச்சு வச்சுக்கிட்டது.

நிஜமான கூட்டும் அதே சேத்துலயே இருக்கு. கால்கின்சியா ஆரியஸ்னு இன்னொரு ஒரு செல் உயிர். அதோட மேல் முழுக்க கோல் வடிவ பாக்டீரியா, பாய்க் கோரை மாதிரி நெருக்கமா, பக்கத்துல பக்கத்துல படுத்திருக்கு. அதுக்கு நேர் கீழ செல்லுக்குச் சக்தி தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியா வகை உறுப்புகள். இவ்வளவு நெருக்கத்துல இருக்கிறதைப் பார்த்தா, ரெண்டுக்கும் நடுவுல கொடுக்கல் வாங்கல் இருக்கணும்னுதான் தோணுது. பொலிவினா பசிஃபிகாங்கிற ஃபோரமினிஃபெராவுக்கு, ஓட்டுல இருக்கிற நுண்துளைகள்லயே பாக்டீரியா குடியிருக்கு.

சரி, ஆக்சிஜன் இல்லாம எப்படி மூச்சு விடுறது? சுவாசம்ங்கிறது கடைசியில, சாப்பாட்டுல இருந்து வர்ற எலக்ட்ரானை வாங்கிக்க ஒரு ஆள் தேடுற வேலை. நமக்கு அந்த ஆள் ஆக்சிஜன். ஸ்வீடன்ல குல்மார் ஃபியார்டுங்கிற ஒடுங்கின கடல் நுழைவுல எடுத்த குளோபோபுலிமினாங்கிற ஃபோரமினிஃபெராவுக்கு அது நைட்ரேட். செல்லுக்குள்ள நைட்ரேட்டைச் சேமிச்சு வச்சு, கடைசியா நைட்ரஜன் வாயுவா வெளிய விடுதுன்னு 2006ல நேச்சர் இதழ்ல வந்துச்சு. அதுவரைக்கும் இதை முக்கியமா பாக்டீரியாவோட வேலைன்னுதான் நினைச்சிருந்தாங்க.

எனக்குப் பிடிச்ச திருப்பம் அதுக்கு அப்புறம்தான். மரபணுக்களைப் படிச்சப்போ, அந்த வேலைக்கான சில நொதிகள் ஃபோரமினிஃபெராவோட சொந்தச் சொத்துன்னு தெரிஞ்சுது. ஆனா நைட்ரேட்டை வாயுவா மாத்துற எல்லாப் படிக்கும் அதுகிட்ட மரபணு கிடைக்கல. விட்டுப்போன படிகளைக் கூடவே இருக்கிற பாக்டீரியா நிரப்புதுன்னு 2022ல ஒரு ஆய்வு சொல்லுது. அப்போ மூச்சு விடுறது யாரு? ரெண்டு பேரும்தான்.

இந்த ஓடுகள் புதைபடிவமா கோடிக்கணக்கான வருஷம் நிக்கும். அதுல இருக்கிற துளைகளை எண்ணி, பழைய கடல்ல ஆக்சிஜனும் நைட்ரேட்டும் எப்படி இருந்துச்சுன்னு கணிக்கிறாங்க. துளைக்குள்ள குடியிருந்த பாக்டீரியா மக்கிப் போயிடும், துளை மட்டும் நிக்கும். அந்தத் துளைகளை எப்படி எண்ணுறாங்கன்னு அடுத்த வீடியோல பார்ப்போம்.