துக்கத்தில் இருக்கும் மாணவியை எழுதச் சொல்லலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

ஒரு ஆசிரியை கேட்டிருக்கிறார்: "என் மாணவி ஒருத்திக்கு அப்பா இறந்துவிட்டார். அதிலிருந்து வெற்றுத்தாள்தான் தருகிறாள். எழுதினால் பாரம் குறையும் என்கிறார்களே, அப்பாவைப் பற்றியே கட்டுரை எழுதச் சொல்லலாமா? மதிப்பெண்ணை என்ன செய்வது?" இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

எழுதினால் பாரம் குறையும் என்பது வெறும் நம்பிக்கை இல்லை. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 1986இல் வெளிவந்தது. மனதை உலுக்கிய அனுபவத்தைத் தொடர்ந்து 4 நாள், தினம் 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததோடு உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போனது மற்றவர்களைவிடக் குறைவு. இதை எல்லோரும் சொல்வார்கள். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனம் இன்னும் கனத்துப் போனதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அப்புறம், அங்கே மதிப்பெண் கிடையாது, பிழைதிருத்தம் கிடையாது, யார் எழுதியது என்றும் வெளியே தெரியாது.

வகுப்புக் கட்டுரையில் இது மூன்றும் தலைகீழ். தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இது என் பழைய பல்லவி: எழுத இடம் கொடுப்பது வேறு, எழுதியதைக் கேட்டு வாங்குவது வேறு. அப்பாவைத் தலைப்பாக வைக்காதீர்கள். சின்னதாக, கைக்கு அடங்கிய வேலையாகக் கொடுங்கள். அவளே தலைப்பைத் தேர்ந்தெடுக்கட்டும்.

என்னிடம் ஒரு பையன் படித்தான். பேசவே மாட்டான். உனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலையைச் செய்யும் விதத்தை எழுது என்றேன். கழன்ற சைக்கிள் செயினை மாட்டுவது பற்றி ஒரு பக்கம் எழுதினான். அப்படி ஒரு துல்லியம், அதைப் படித்து நானே செயின் மாட்டலாம்! நடுவில் ஒரு வரி: "முன்பெல்லாம் அப்பா மாட்டித் தருவார்."

நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான். அந்த வரிக்குப் பக்கத்தில் ஆசிரியர் என்ன எழுதுவது? சிலர் அங்கே ஒற்றுப்பிழையைச் சுழிப்பார்கள். சிலர் ஆறுதலாக அரைப் பக்கம் எழுதிவிடுவார்கள், அதுவும் அந்தப் பிள்ளைக்குச் சுமைதான். நான் எழுதியது: "இந்த வரியைப் படித்தேன். பேசத் தோன்றினால் வா, தோன்றாவிட்டாலும் சரி." பல நாள் கழித்து வந்தான். செயினைப் பற்றித்தான் பேசினான். பேசட்டுமே.

ஆனால் உங்கள் மாணவியின் தாளில் தான் சாவதைப் பற்றிய பேச்சு இருந்தால் காத்திருக்கக் கூடாது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று அன்றைக்கே நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், விஷயம் மனநல ஆலோசகரிடம் போயே ஆக வேண்டும். அதுவரை அவளைத் தனியாக விடாதீர்கள்.

மதிப்பெண் கேட்டீர்களே, வெற்றுத்தாளுக்குப் பூஜ்யம் போடாமல் தவணை கொடுங்கள். தேதியை அவளையே சொல்லச் சொல்லுங்கள். சரி, அடுத்த கேள்வி.